மூன்று பேரும் சேர்ந்து வரும் கதை

தனியாகச் சாகசம் செய்கிற வீரர்களை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. ஒருத்தனே பறப்பான், ஒருத்தனே அடிப்பான், கடைசிப் பக்கத்தில் ஒருத்தனே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். அவன்தான் ஜெயிப்பான் என்று அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதில் படிக்க என்ன இருக்கிறது? எங்களுக்கு வேண்டியது கூட்டணிக் கதை. தனித்தனிப் புத்தகத்தில் தனித்தனியாக ராஜ்ஜியம் நடத்துகிற மூன்று பேர், தீபாவளிக்கோ கோடை விடுமுறைக்கோ வரும் தடிமனான காமிக்ஸ் சிறப்பிதழில் ஒன்றாக வருவார்கள். அந்த ஒரு புத்தகத்துக்காக வருஷம் பூராவும் காத்துக் கிடப்போம்.

எங்களுக்கு என்றால் மூன்று பெண்களுக்கு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மதுரை டவுனுக்குள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு, கடைசிக்கு முந்தின பெஞ்சு. பெயர்களை எழுதப்போவதில்லை. அப்போதே நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. ஒருத்தி எழுமலையிலிருந்து வந்தவள், அதனால் எழுமலைக்காரி. இன்னொருத்தியின் வீடு மகாலுக்குப் பின்னால், சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு சந்தில். அவள் மகால்காரி. எனக்கு நாகமலை புதுக்கோட்டை. ஆனால் என்னை ஊரால் கூப்பிடவில்லை, கோவக்காரி என்றார்கள். சும்மா வைத்த பெயரில்லை. என் வாய் அப்படி.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளாட்பாரத்தில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்கிற ஓர் அண்ணனிடம்தான் வாங்குவோம். முதல் தடவை நாங்கள் காமிக்ஸ் கட்டைக் கிளறியபோது அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ளைக இதப் படிச்சு என்ன செய்யப் போறீக? அந்தப் பக்கம் கோலப் புத்தகம் கெடக்கு பாருங்க."

"கோலத்த நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோயிப் போடுங்கண்ணே," என்றேன். எழுமலைக்காரி என் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் அந்த மனுஷன் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு கூட்டணிச் சிறப்பிதழ் வந்தால் எங்களுக்கென்று சாக்குக்கு அடியில் எடுத்து வைத்துவிடுவார்.

அந்தக் கூட்டணியில் ஒருத்தன் நிழலுக்குள் புகுந்து மறைவான். ஒருத்தி எந்தப் பூட்டையும் பார்வையாலேயே திறப்பாள். மூன்றாவது ஆள் ஒரு கிழவர். அவரால் ஒரே ஒரு நிமிடம் காலத்தை நிறுத்தி வைக்க முடியும். படமெல்லாம் எங்கோ வெளிநாட்டில் வரைந்தது. பேச்சு மட்டும் இங்கே எழுதியது. "நில், கயவனே! உன் ஆட்டம் முடிந்தது!" என்று சுத்தத் தமிழில் கர்ஜிப்பார்கள். மட்டமான தாளில் மை இழுகி, வில்லனுக்கு ரெண்டு மூக்கு இருப்பது போலத் தெரியும். யார் யாராக இருப்பது என்று எங்களுக்குள் அடிதடியே நடக்கும். பூட்டுத் திறப்பவளாக இருக்க மூன்று பேருக்கும் ஆசை, கிழவராக இருக்க ஒருத்திக்கும் இஷ்டமில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் ஒட்டி உட்கார்ந்து, ஒரே புத்தகத்தை மூன்று பேரும் படிப்போம். ஒரு பக்கம் முடிந்தால் "ம்" சொல்ல வேண்டும். மூன்று "ம்" வந்தால்தான் பக்கத்தைப் புரட்டலாம். நான் அவசரக்குடுக்கை, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். மகால்காரி அடுத்து. எழுமலைக்காரி ஒவ்வொரு கட்டத்தையும் மூலைவரைக்கும் பார்த்துவிட்டு, பின்னால் சும்மா நிற்கிற போலீஸ்காரன் மூஞ்சியையும் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படியும் ஒரு தடவைகூட அவளை விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டியதில்லை.

அம்புட்டுப் படித்துப் படித்து, கூட்டணிக் கதை எப்படிப் போகும் என்பது எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. எடுத்த எடுப்பில் மூன்று பேரும் சேர மாட்டார்கள். ஏதோ ஒரு தப்பான சேதி, ஒரு சந்தேகம், உடனே ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். ஆறு பக்கத்துக்குச் சண்டை நடக்கும். எங்களுக்குப் பிடித்த பக்கங்களே அவைதான். இவன் பலசாலியா அவள் பலசாலியா என்று ஒரு வருஷமாகப் போட்ட வாக்குவாதத்துக்கு அங்கேதான் பதில் கிடைக்கும். அப்புறம் வில்லன் வருவான். உடனே சண்டையை விட்டுவிட்டு ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்பதில்லை, அதற்குக் கட்டமும் இல்லை.

நடுவில் இன்னொன்று நடக்கும். ஒருத்தர், பெரும்பாலும் நிழல்காரன், திமிர் பிடித்துத் தனியாக வில்லனின் கோட்டைக்குப் போவான். போனவன் நிச்சயம் மாட்டிக்கொள்வான். அவனுடைய சொந்தப் புத்தகத்தில் ஐம்பது பேரைத் தனியாகச் சாய்க்கிறவன், இங்கே ஒரு சாதாரணக் கூண்டுக்குள் விழுந்து கிடப்பான். மற்ற இரண்டு பேருக்கும் வேலை வேண்டும் என்பதற்காக எழுதுகிறவர் அவனைக் கொஞ்சம் மடையனாக்கிவிடுகிறார் என்று இப்போது தெரிகிறது. பதினைந்து வயதில் அது எனக்கு ஓர் உண்மையாகத்தான் தெரிந்தது. தனியாகப் போனால் தோற்றுப்போவோம்.

இந்தக் கதைகளில் எங்களுக்கு என்ன அப்படி ஒரு மோகம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பறப்பதும் மறைவதும் பூட்டுத் திறப்பதும் ஒரு பொருட்டே இல்லை. ஒருத்தர் கீழே விழுந்து கிடக்கும்போது, கதவை உடைத்துக்கொண்டு மற்ற இரண்டு பேரும் வந்து நிற்கிற அந்த ஒரு முழுப்பக்கப் படம் இருக்கிறதே, அதுதான். எங்கள் மூன்று வீட்டிலும் யாரும் யாருக்காகவும் அப்படி வந்து நின்று நாங்கள் பார்த்ததில்லை. என் அப்பா யுனிவர்சிட்டியில் பியூன். அவர் ஆபீசில் எவனோ செய்த தப்புக்கு இவர் திட்டு வாங்கிக்கொண்டு வந்த சாயங்காலங்களில், அக்கம்பக்கத்தில் ஒருத்தர்கூட வந்து என்ன ஏது என்று கேட்டது கிடையாது.

எழுமலைக்காரிக்கு அப்பா இல்லை. அவள் ஐந்தாவது படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மா எழுமலையில் காட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுடன் பிறந்த தம்பிகள் இரண்டு பேர். மூத்தவர் எங்கள் ஊரில், நாகமலை புதுக்கோட்டையில், சிமெண்ட் கடை வைத்திருந்தார். படிக்க வைக்கிறேன் என்று அவர்தான் இவளைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைத்திருந்தார். பாத்திரம், துணி, மாட்டுக்கொட்டம் எல்லாம் முடித்துவிட்டுத்தான் அவள் காலையில் பஸ்ஸுக்கு ஓடி வருவாள். ஆனாலும் கணக்கில் அவளை அடிக்க ஆள் கிடையாது. டீச்சர் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, தப்பு செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொள்வாள்.

இளைய மாமா லாரி ஓட்டினார். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு அவர் வந்தால் இவள் சோறு போட வேண்டும், எதிரே நின்று பேசக் கூடாது. அக்காள் மகள், தாய்மாமன், முறை. அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

தைப் பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு வியாழக்கிழமை, அதே படிக்கட்டில் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம எழுமலைல பூ வைக்கிறாக. சின்ன மாமாவுக்கு. மாசியில கல்யாணம்."

"பரீச்ச?" என்றாள் மகால்காரி.

"பரீச்ச எழுதி கலெக்டராவா ஆகப்போறாங்குது பெரிய மாமா."

நான் உடனே எகிறினேன். ஹெட்மிஸ்டிரஸிடம் போவோம், இப்பவே போவோம் என்று எழுந்துவிட்டேன். அவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"கிறுக்கி மாதிரிப் பண்ணாத. டீச்சர் காதுக்குப் போனா அன்னைக்கே டி.சி. வாங்கிரும் பெரிய மாமா. நான் சொல்றதக் கேளு. எங்கம்மாவுக்கு இதுல இஷ்டமில்ல. ஆனா தம்பிகள எதுத்து வாயத் தெறக்காது. நீங்க ரெண்டு பேரும் எழுமலைக்கு வாங்க. பூ வைக்கிறதுக்கு முன்னால வந்து, 'பரீச்ச முடியட்டும்மா'ன்னு எங்கம்மாகிட்டச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். பரீச்ச எழுதிட்டேன்னா மார்க்கு வரும். மார்க்கு வந்துட்டா எங்கம்மா எப்படியாச்சும் இழுத்துப் பிடிச்சுக்கிரும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். பத்தாவது பரீட்சை எழுத வேண்டும். அதற்கு நாங்கள் போய் நிற்க வேண்டும்.

உட்கார்ந்து திட்டம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மகால்காரி டவுனில் உசிலம்பட்டி பஸ் ஏறி, இடதுபக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும். அந்தப் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஸ்டாப்பில் நான் நிற்பேன். ஜன்னலில் கையைக் கண்டதும் ஏறிக்கொள்வேன். உசிலம்பட்டியில் இறங்கி எழுமலை பஸ். உச்சிப்பொழுதுக்குத்தான் பூ வைப்பார்கள், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். வீட்டில் கேட்டால் குரூப் ஸ்டடி என்று சொல்லிவிட வேண்டும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, திட்டம் போட்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. கடைசியில் எங்களுக்கும் ஒரு சிறப்பிதழ் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே வகுப்புக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. காலையிலேயே ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். படிக்கட்டில் நானும் மகால்காரியும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"எங்கம்மாட்ட சொல்லிட்டேன்டி."

"எத?"

"எல்லாத்தயும். எனக்கு ராத்திரி தூக்கமே வரல. பெரியவங்க யாராச்சும் போயிச் சொன்னா நல்லதுன்னு தோணுச்சு. எங்கம்மா, அது அவுங்க வழக்கம், நம்ம நடுவுல போனா நல்லாருக்காதுன்னு சொல்லுது. போகக் கூடாதுங்குது. ஆனா நான் எப்படியாச்சும்..."

அந்த "எப்படியாச்சும்" என்ற வார்த்தைக்கு மேல் நான் அவளைப் பேச விடவில்லை. எனக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்துவிட்டது. ரகசியத்தை வெளியே விட்டுவிட்டாளே, இது சுற்றிச் சுற்றி அந்தப் பெரிய மாமா காதுக்குப் போனால் என்ன ஆவது என்ற பதற்றம். பதற்றம் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"வீட்டுக்குள்ள ஒரு பாஷ, வெளிய ஒரு பாஷ பேசுற ஆளுகள நம்புனேன் பாரு, என்னயச் சொல்லணும்."

மூன்று வருஷமாக அவள் வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். அவள் அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, எனக்காகச் சிரமப்பட்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லுவார். அந்த வீட்டைத்தான் நான் அப்படிச் சொன்னேன். மகால்காரி என்னைப் பார்த்துக்கொண்டே டிபன் பாக்ஸை மூடினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்தது வந்துவிட்டது என்பது போல இருந்தது. எழுந்து போய்விட்டாள். அன்று மதியம் முழுவதும் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் அவள் எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில்தான் நடந்து போனாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வாய் வரவில்லை. எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது, அதுதான் கொடுமை. சேருவதற்கு முன்னால் சண்டை வரத்தானே செய்யும், ஆறு பக்கம்தான், ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் கை தெரியும், ஏறிக்கொள்வேன், ஒருவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்காது என்று நான் மனதார நம்பினேன். புத்தகம் படித்துக் கெட்டுப்போனவள் என்று என் அம்மா எத்தனையோ தடவை என்னைத் திட்டியிருக்கிறாள். அவளுக்கே தெரியாது எவ்வளவு சரியாகச் சொன்னாள் என்று.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கே ஸ்டாப்பில் நின்றேன். தோளில் பள்ளிக்கூடப் பை, அதற்குள் பெயருக்கு ரெண்டு நோட்டு. முதல் பஸ் வந்தது. இடதுபக்க ஜன்னல்களை ஒன்று விடாமல் பார்த்தேன். வெற்றிலைக் கட்டோடு ஒரு கிழவர், பிள்ளையைத் தூங்க வைக்கிற ஒரு பெண். அவள் இல்லை. வீட்டில் சமாளித்துவிட்டு வர நேரமாகும் என்று விட்டுவிட்டேன். ரெண்டாவதில் கூட்டம் படிக்கட்டு வரை தொங்கியது. கூட்டத்துக்குள் இருக்கிறாளோ என்று பின்னாலேயே ஓடி எட்டிப் பார்த்தேன். மூன்றாவது பஸ் நிற்காமலேயே போய்விட்டது. நாலாவது பஸ்ஸில் பச்சைத் தாவணியில் ஒருத்தி ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். கையைத் தூக்கிவிட்டேன். அவள் யாரோ ஒரு பெண், பதிலுக்கு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உசிலம்பட்டியா? ஏறு பாப்பா," என்றார் கண்டக்டர்.

"கூட ஆள் வரணும்ணே."

"ஆளு வந்தா அடுத்த பஸ்ஸுல வரட்டும். ஏறுனா ஏறு, இல்லன்னா தள்ளி நில்லு. வெயில்ல காயாத."

தள்ளி நின்றேன். விசில் ஊதிவிட்டார்.

அந்தப் பஸ்ஸில் ஏறியிருந்தால் பூ வைப்பதற்கு முன்னால் எழுமலையில் இருந்திருப்பேன். வழி தெரியும், கையில் சில்லறை இருந்தது, பட்டப்பகல். ஆனால் தனியாகப் போனால் தோற்றுப்போவோம் என்று அடித்துச் சொல்லியது மனசு. நான் ஒருத்தி போய் அந்த மாமன்கள் நடுவில் நின்று என்ன பேச முடியும்? ரெண்டு பேர் வரச் சொல்லித்தானே அவளும் கேட்டாள்? பயமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். என் பயத்துக்கு அந்தப் புத்தகங்கள் ஒரு கௌரவமான காரணத்தைக் கொடுத்துவிட்டன. இன்னும் மூன்று பஸ்களை அப்படியே விட்டேன். வெயில் தலைக்கு நேராக வந்தபோது வீட்டுக்குத் திரும்பினேன். குரூப் ஸ்டடி முடிஞ்சிருச்சா என்று அம்மா கேட்டாள், ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை காலை மகால்காரி வாசலிலேயே எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"போனியா? என்னாச்சு?"

"நீ வரல," என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் வரலன்னா என்னடி? நீ போயிருப்பன்னுதான் நான் நிம்மதியா இருந்தேன். நீதான் கோவக்காரியாச்சே. யாருக்குப் பயப்படப் போற?"

அந்த இடத்திலேயே நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, சமாதானமாகிவிட்டோம். ஒன்றுசேர்ந்துவிட்டோம், பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் எழுமலையில் அவள் தலையில் பூ ஏறி ஒரு நாள் ஆகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவளை நாங்கள் பார்க்கவில்லை. மாசியில் கல்யாணம் முடிந்தது. எங்களுக்கு அழைப்பு இல்லை. பங்குனியில் பரீட்சை நடந்தது. பணம் கட்டி நம்பர் வாங்கியிருந்ததால் எனக்கு ரெண்டு வரிசை முன்னால் அவளுடைய நம்பர் எழுதிய டெஸ்க் அப்படியே கிடந்தது. கணக்குப் பரீட்சை அன்று மேற்பார்வைக்கு வந்த டீச்சர் அந்த டெஸ்க் மேல் ஒரு கேள்வித்தாளை வைத்துவிட்டு, அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். ஐந்தாவது கேள்வி எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கோடையில் சிறப்பிதழ் வந்தது. பிளாட்பாரத்து அண்ணன் வழக்கம்போல எடுத்து வைத்திருந்தார். "எங்க ரெண்டு பேரக் காணோம்?" என்று கேட்டார். நான் அந்தப் பக்கமே போவதை விட்டுவிட்டேன். மகால்காரியின் குடும்பம் அடுத்த வருஷமே சேலம் பக்கம் போய்விட்டது. கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. யார் முதலில் நிறுத்தினோம் என்று ஞாபகமில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கல்யாணமாகி, ஒரு பிள்ளையும் பெற்று, உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு பெரிய மஞ்சப்பை. கொஞ்ச தூரம் போனதும் என் முகத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நீ புதுக்கோட்டை பியூன் வீட்டுப் புள்ளதான? எந்தம்பி வீட்டுக்கு வருவியே, எம்மக கூடப் படிச்ச புள்ள?"

எழுமலைக்காரியின் அம்மா. அந்தச் சிமெண்ட் கடை வீட்டில் ரெண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஆமாம்மா என்றேன். அவ எப்படி இருக்கா என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டேன்.

"இருக்கா. திருப்பூர்ல பனியன் கம்பெனியில பீசு எண்ணுறா. புள்ளைக ரெண்டும் எங்கிட்டத்தான். என் தம்பி... அவன் குடிச்சுக் குடிச்சு லாரியும் போச்சு, ஒண்ணும் இல்ல. எம்மவளுக்கு எடது காது கேக்காது. ஒரு நா அடிச்ச அடியில போனதுதான்." அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. குறை சொல்கிற தொனியே இல்லை, பழைய விஷயம் பேச ஒரு ஆள் கிடைத்ததே என்ற ஆறுதல்தான் தெரிந்தது.

"அன்னைக்கு நீங்க வருவீகன்னு சொல்லிக்கிட்டே இருந்தாத்தா. காலையிலருந்து வாசலுக்கும் வீட்டுக்கும் நடக்குறா. நானும் பாத்தேன், ஏதாச்சும் சாக்குச் சொல்லித் தள்ளிக்கிட்டே இருந்தேன். பூ வாடிப்போச்சு வேற வாங்கியாங்கன்னேன், வெத்தல பத்தாதுன்னேன். தம்பிக ரெண்டு பேரும் என்னய மொறைக்கிறாங்க. எம்புட்டு நேரந்தான் தள்றது?"

"நாங்க வந்து சொல்லியிருந்தா மட்டும் அவுங்க கேட்டிருப்பாங்களாம்மா?"

"அவிங்க எதுக்குக் கேக்கணும்? எனக்குத்தான் ஒரு சாக்கு வேணும். நானா வேணாம்னு சொல்ல முடியாதுல்ல, சோறு போடுற தம்பிக. வெளியாளு ஒண்ணு வாசல்ல வந்து நின்னுச்சுன்னு வையி, 'பாருங்கப்பா, பள்ளிக்கூடத்துல இருந்தே ஆளு வந்துருச்சு, நாள பின்ன போலீசு அது இதுன்னு வம்பாயிரும், பரீச்ச முடியட்டும்'னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். போலீசுன்னாப் பெரியவன் பயப்படுவான்."

நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். "நான் ஸ்டாப்பு வரைக்கும் வந்தேம்மா. மதியம் வரைக்கும் நின்னேன். கூட வர வேண்டிய புள்ள வரல."

அந்த அம்மா நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"கூட எதுக்குத்தா ஆளு? நீ ஒருத்தி வந்தாப் போதுமே."

செக்கானூரணி வந்துவிட்டது. அவர் இறங்க வேண்டிய இடம். மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர், மறுபடி உட்கார்ந்து, இடுப்பிலிருந்த சுருக்குப் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழியப்போகிற ஒரு காகிதத்தை எடுத்தார். அதில் மகளின் செல் நம்பர் இருந்தது. "பேசுத்தா. அவ வலது காதுல வச்சுக்கிட்டா நல்லாக் கேக்கும். ஒன்னயப் பத்தி எப்பவாச்சும் பேசுவா," என்றார். என் போனில் அந்த நம்பரை ஏற்றிக்கொண்டேன். சரியாக ஏறிவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

அது நடந்து வருஷம் ஒன்று ஓடிவிட்டது. நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. மகால்காரியை எப்படியாவது தேடிக் கண்டுபிடித்துவிட்டால், ரெண்டு பேருமாகச் சேர்ந்து அவளிடம் பேசிவிடலாம் என்று இருக்கிறேன்.